நானூற்றுப் பன்னிரண்டு லாம்

எனக்கு என்மேல் என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகமெல்லாம் துணிமேல்தான். பத்தொன்பது வருஷமாக ஒரு பெரிய சலவை நிலையத்தில் கறை மேசையில் நின்று வேலை பார்த்தவள் நான். மூன்று ஆஸ்பத்திரி, ஏழு ஹோட்டல் துணிகள் அங்கே வரும். மெஷினில் போட்டும் போகாத கறை எதுவானாலும் கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். காலரில் தைத்திருக்கும் சீட்டு 'அசல் பருத்தி' என்று சத்தியம் செய்யும். அதை நம்பி மருந்தை ஊற்றினால் சட்டை சுருங்கிப் பொம்மைக்குப் போடுகிற அளவுக்கு வந்துவிடும். அதனால் நான் சீட்டை நம்புவதில்லை. உள்பக்கத் தையல் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, நூறு வரை எண்ணிவிட்டுத்தான் கறையில் கை வைப்பேன்.

இதையெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில், சோப்புத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து, செல்போனில் எழுத ஆரம்பித்தேன். ஆறு வருஷமாயிற்று. பிளாக்கின் பெயர் 'கறை போகலாம்'. பேனா மை, டீ, இரத்தம், துரு, கிரீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை. "எழுதுறதெல்லாம் சரி, ஒண்ணுலயாவது அடிச்சுச் சொல்றியா? டாக்டருங்க மாதிரி பார்க்கலாம், பார்க்கலாம்னே எழுதுற" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் எந்த லிஃப்டையும் 'ஓடும்' என்று சொல்ல மாட்டார் என்பது வேறு விஷயம்.

படிக்கிறவர்கள் பெருகினார்கள். எங்கெங்கிருந்தோ துணியைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் சலவை நிலையத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்த மாதம் முப்பதாம் தேதியோடு கறை மேசையை எடுக்கப்போவதாகச் சொன்னார். இனிமேல் கறைபட்ட துணியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்வார்களாம். மேசையைக் கேட்டேன். எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

எங்கள் தெருமுனையில் ஒரு கடிகாரக் கடை இருந்த அறை காலியாகக் கிடந்தது. தண்ணீர்க் குழாய் உண்டு, பின்பக்கம் வெயில் விழும். சொந்தக்காரி ஓய்வு பெற்ற நர்ஸ். நான் நர்ஸக்கா என்று கூப்பிடுவேன். என் பிளாக்கை ஒன்றுவிடாமல் படிப்பவர். "முப்பதாம் தேதி வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது, செல்போன் கடைக்காரன் தினம் வந்து கதவைத் தட்டுறான்" என்றார். மேசை இருந்தது, அறை இருந்தது, கறைபட்ட துணிக்கும் பஞ்சமில்லை. லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி.

லைசென்ஸ் ஆபீசில் கவுண்டர்காரர் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன்னம்பிக்கைச் சான்றிதழ் எங்கே என்றார்.

"அப்படின்னா என்ன சார்?"

"சொந்தத் தொழில் தொடங்குறவங்க பாதிப் பேர் தன்மேலயே சந்தேகப்பட்டுத்தான் மூடிட்டுப் போறாங்களாம். அதனால சந்தேகம் இருக்கிற யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. புது விதி. வாரியத்துல போய்ச் சந்தேகத்தை நீக்கி வாங்கிட்டு வாங்க."

அன்றைக்குத் தேதி மூன்று.

தன்னம்பிக்கை வாரியம் நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் நின்றுபோய் 'முயன்றால் முடியும்' என்று அதில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறி டோக்கன் வாங்கிப் படிவத்தை நிரப்பினேன். முதல் கேள்வி: 'உங்களுக்கு உங்கள்மேல் சந்தேகம் உண்டா?' இல்லை என்று எழுதினேன். ஆலோசகர் அம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இல்லைன்னு எழுதியிருக்கீங்க. மறுக்கிறதுதான்மா முதல் அறிகுறி. மறுக்கிறவங்களுக்குப் பத்து வாரப் பயிற்சி."

"அப்போ ஆமான்னு எழுதினா?"

"ஒத்துக்கிறவங்களுக்கு எட்டு வாரம்."

"அப்ப ஆமான்னு மாத்தி எழுதிடுறேன் மேடம்."

"மாத்தி எழுதுறது முடிவெடுக்கத் தெரியாததோட அறிகுறி. பன்னெண்டு வாரம்."

நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் பேரன் பேத்தி எடுக்கும்வரை இழுத்திருப்பார் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

பிறகு கண்ணாடி அறைக்கு அனுப்பினார்கள். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று. அதன் முன்னால் நின்று தன் கண்ணைத் தானே பார்த்து 'என்னால் முடியும்' என்று நூறு தடவை சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். எனக்கு அடுத்து நின்றவர் பூட்டுக்காரர். பூட்டு, சாவி பற்றி பிளாக் எழுதுகிறவராம். அதை வைத்துத் தொழில் தொடங்க வந்து எட்டு மாதமாகிறது என்றார்.

"வரும்போது நல்லாத்தாம்மா வந்தேன். கண்ணை மூடிக்கிட்டு எந்தப் பூட்டையும் திறப்பேன். இப்போ காலையில வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறேன்."

"இங்கே வந்தப்புறமா?"

"நாலாவது வாரத்துலேருந்து" என்றார் அவர்.

என் முறை வந்தது. கண்ணாடியில் முகம் இருக்கும் இடத்தில் சரியாக ஒரு பழைய ஒட்டுநாடாவின் பசை, விரல் அகலத்துக்கு, அழுக்கு ஏறிக் கறுத்துப்போயிருந்தது. எத்தனை மாதமாக எத்தனை பேர் அதைப் பார்த்துக்கொண்டே 'என்னால் முடியும்' என்று சொல்லியிருப்பார்களோ. பையில் எப்போதும் கொஞ்சம் ஸ்பிரிட் வைத்திருப்பேன். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, ஓரத்தில் தொட்டுப் பார்த்து, துடைத்தேன். அரை நிமிஷம் ஆகவில்லை, போய்விட்டது. திரும்பினால் ஆலோசகர் அம்மா எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் படித்தேன். 'தன்னைப் பார்க்கச் சொன்னோம். கறையைப் பார்க்கிறார். தன்னைத் தானே தவிர்க்கிறார். நிலைமை கவலைக்கிடம்.'

முப்பதாம் தேதிக் கணக்கை அவரிடம் சொல்லிக் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். யோசித்துவிட்டு, துரித வழி ஒன்று இருக்கிறது என்றார்.

"உங்களுக்குத்தான் ஒரு பிளாக் இருக்கே. அதுல உங்க மனசு அப்படியே பதிஞ்சிருக்கும். அதைத் திருத்திட்டா உங்களைத் திருத்தின மாதிரி. உங்களை விட அதைத் திருத்துறது எங்களுக்கும் சுலபம்."

என்னைவிட என் பிளாக் தேறும் என்று அவர் நினைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மறுநாளே மொத்த பிளாக்கையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எண்ணூறு பக்கம் வந்தது.

ஐந்து நாள் கழித்து என்னை ஐயம் எண்ணுபவரிடம் அனுப்பினார்கள். அது உண்மையாகவே பதவியின் பெயர். கதவில் பித்தளையில் போட்டிருக்கிறார்கள். சிவப்புப் பென்சிலும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் எண்ணூறு பக்கமும் மேசைமேல் சிவந்து கிடந்தது.

"நானூத்திப் பன்னெண்டு" என்றார்.

"என்ன சார்?"

"லாம். போகலாம், சுருங்கலாம், வெளுக்கலாம், ஆகலாம். தலைப்பையும் சேர்த்து நானூத்திப் பன்னெண்டு. என் சர்வீஸ்ல ஒரே ஆள்கிட்ட இவ்வளவு பார்த்ததில்லை. எப்படிம்மா இவ்வளவு நாள் தாங்கினீங்க?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலை சார்."

"பண்ணாது. உள்ளேயே அரிக்கும்." டீக் கறைப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "இங்கே பாருங்க. 'வெள்ளைப் பருத்தி என்றால் வெளுப்பானில் போகலாம்.' எவ்வளவு கோழைத்தனம். வெளுப்பானில் போகும். முடிஞ்சு போச்சு."

"கம்பளிக்கு வெளுப்பான் ஆகாது சார். மஞ்சளாகி மொறமொறன்னு ஆயிடும். அதனாலதான் பருத்தி என்றால்னு போட்டேன்."

"என்றால்ங்கிறது லாமோட தம்பி. அதையும் எடுத்துடுங்க."

"சார், வாசிக்கிறவங்க கையில இருக்கிறது என்ன துணின்னு எனக்குத் தெரியாது. என்ன கொட்டிச்சு, எத்தனை நாளாச்சு, ஒண்ணும் தெரியாது. தெரியாம போகும்னு எப்படிச் சொல்றது?"

"தைரியமா" என்றார் அவர்.

இன்னொரு பக்கத்தைப் புரட்டி, விரலால் தட்டினார். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் நான் எழுதுகிற வரி அது: 'எதற்கும் முதலில் உள்பக்க ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.'

"இதுதான் எல்லாத்துக்கும் தாய். எதற்கும்னு ஒரு சந்தேகம், முதலில்னு ஒரு தயக்கம், ஓரத்தில்னு ஒரு பயம், விட்டுப் பாருங்கள்னு வாசகன் தலையிலேயே கட்டிட்டீங்க. முந்நூறு இடத்துல இருக்கு. எல்லாத்தையும் எடுங்க. தலைப்பு கறை போகும்னு இருக்கணும்."

எழுந்து வந்திருக்க வேண்டும். நர்ஸக்காவின் அறையில் பின்பக்கம் வெயில் விழுகிற இடம் கண்ணில் நின்றது. எழவில்லை.

"திருத்திக் கொடுத்துட்டா சான்றிதழ் எப்போ சார் கிடைக்கும்?"

"பத்து நாள்ல வரலாம். தலைவர் ஊர்ல இருந்தா முன்னாடியே ஆகலாம். எதுக்கும் இருபத்தஞ்சாம் தேதிவாக்குல நீங்க வந்து பார்க்கலாம்."

பழக்க தோஷம், நானும் எண்ணிவிட்டேன். "மூணு சார்."

"என்ன மூணு?"

"லாம். ஒரு எதுக்கும்."

சிவப்புப் பென்சில் மேசைமேல் இரண்டு தட்டு தட்டி நின்றது. "நான் சொன்னது நிர்வாக லாம். அது வேற. நிர்வாக லாமுக்கு விலக்கு உண்டு" என்றார். விலக்கு எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டதற்கு, விதியைத் தேடிப் பார்க்கலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டையும் மாற்றினேன். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் அடித்துக்கொண்டே போனேன். முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். நூறு தாண்டியதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "லிஃப்ட் கயிறு தாங்கும்னு நான் இப்படி எழுதிக் கொடுத்தா என்னை உள்ளே தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார். பேசாமல் வாசியுங்கள் என்று சீறினேன். அவர்மேல் எரிந்து விழ எனக்கு ஒரு காரணமும் இல்லை.

வாரியத்துக்குப் பரம சந்தோஷம். 'கறை போகும்' அவர்களுடைய முன்மாதிரித் தளமாயிற்று. வாசலில் என் பிளாக்கின் முதல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினார்கள். படிக்கிறவர்கள் ஒரே வாரத்தில் மூன்று மடங்கானார்கள். நர்ஸக்கா மட்டும் போன் பண்ணினார்.

"என்னம்மா, உன் பிளாக்ல வேற யாராவது உக்காந்து எழுதுறாங்களா?"

"நான்தான்க்கா. ஏன்?"

"இல்ல, புதுசா வேலைக்கு வர்ற டாக்டர் பசங்கதான் இப்படிப் பேசுவாங்க. ஆயிடும், ஆயிடும்னு. அவங்க போனப்புறம் நாங்க போய்ப் பார்ப்போம்."

இருபத்துநாலாம் தேதி ஒரு கடிதம் வந்தது. பிளாக்கின் பின்னூட்டத்தில்தான் எழுதியிருந்தார், ஆனால் அது கடிதம்தான். தபால்காரர் ஒருவரின் மனைவி. அவர் இறந்து ஒரு வருஷமாகிறதாம். குளிர்காலத்தில் அவர் போட்டுக்கொண்டு போகும் கம்பளிக் கோட்டு அலமாரியில் தொங்குகிறது. கோட்டுக் கையில் ஒரு டீக் கறை. வருஷ நினைவு நாளுக்கு முன்னால் அதை எடுத்துவிடலாம் என்று என் கட்டுரையைப் பார்த்து வெளுப்பான் போட்டிருக்கிறார். கை முழுதும் மஞ்சளாகி, தொட்டால் உதிர்கிறது. திட்டவில்லை. கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தார். 'நீங்கள் எப்போதும் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள் என்று எழுதுவீர்கள். இந்தத் தடவை எழுதவில்லை, அதனால் நானும் பார்க்கவில்லை.'

அன்றைக்குத்தான் எனக்கு என்மேல் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. உடனே எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருக்க வேண்டும். ஆனால் சான்றிதழ் விழா இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் ஒரு லாம் திரும்பி வந்தாலும் விண்ணப்பம் ரத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தம்மாவுக்கு மட்டும் கோட்டை எனக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிட்டு, நாலு நாள் பொறுத்தேன். அந்த நாலு நாளில் இன்னும் எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. இதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

விழா அன்று காலையில் நாங்கள் முப்பது பேர் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். பூட்டுக்காரருக்கும் அன்றைக்குத்தான் சான்றிதழ். அவர் தொப்பி தலையில் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விழா தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாரியத் தலைவரின் உதவியாளர் ஓடிவந்து என்னைக் கையோடு பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அவர் கையில் நனைந்த பஞ்சு இருந்தது.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளிலிருந்து இடுப்புவரை பளபளவென்று ஒரு நீலப் பட்டை. அதில் தங்க எழுத்தில் 'ஐயமற்ற தலைவர்' என்று போட்டிருந்தது. போட்டிருந்தது என்றால், காலையில். சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும்போது பேனா கசிந்து பட்டைமேல் ஒழுகியிருக்கிறது. உதவியாளர் உடனே முன்மாதிரித் தளத்தைப் பார்த்திருக்கிறார். 'பேனா மை: நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் போகும்.' மை போனது. சில செயற்கைப் பட்டுத் துணி அந்தத் திரவத்தில் சர்க்கரை மாதிரி கரைந்துவிடும். அதனால் மை இருந்த துணியும் போனது, அதன்மேல் இருந்த எழுத்தும் போனது. கையகலத்துக்கு ஓட்டை. இந்தப் பக்கம் 'ஐய', அந்தப் பக்கம் 'தலைவர்'.

"உங்க பிளாக்ல போகும்னு இருக்கு" என்றார் தலைவர்.

"ஆமாங்க ஐயா. முன்னாடி போகலாம்னு இருந்துச்சு. துணி கரைஞ்சும் போகலாம், ஓரத்துல ஒரு சொட்டு விட்டுப் பாருங்கன்னும் இருந்துச்சு."

"அதையெல்லாம் ஏன் எடுத்தீங்க?"

"எடுக்கச் சொன்னீங்க."

"உங்களுக்குச் சந்தேகம் இருந்தா அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"இருந்துச்சுங்க ஐயா. நானூத்திப் பன்னெண்டு."

அவர் ஒரு ஃபைலை எடுத்து மார்போடு அணைத்து ஓட்டையை மறைத்துக்கொண்டு, "நீங்க போகலாம்" என்றார். நிர்வாக லாம்.

மேடையில் அவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஃபைலை இறக்கவே இல்லை.

"இந்த வாரியத்தை ஆரம்பிச்சப்போ இந்த ஊர்ல சந்தேகக்காரங்க வெறும் ஆயிரம் பேர். இன்னைக்கு நாற்பதாயிரம் பேர் நம்மகிட்ட பதிஞ்சிருக்காங்க. இது யாரோட சாதனை? நம்மோட சாதனை. ஒரு உண்மையைச் சொல்றேன். எனக்கும் சின்ன வயசுல ஒரு பேனாக் கடை வைக்கணும்னு ஆசை. நடக்குமோ நடக்காதோன்னு பயமா இருந்துச்சு. அதனாலதான் இந்த வேலையில சேர்ந்தேன். அன்னைக்கு நான் பயந்ததாலதான் இன்னைக்கு உங்களுக்குத் தைரியம் கொடுக்க முடியுது."

மேடை ஓரத்தில் ஒருவர் 'கைதட்டவும்' என்ற அட்டையைத் தூக்கினார். தட்டினோம்.

கடைசியில் உறுதிமொழி. எல்லோரும் எழுந்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி 'என்னால் முடியும்' என்று சொல்ல வேண்டும். சட்டம் தலைவருக்கும்தான். அவரும் தூக்கினார். ஃபைல் விழுந்தது. 'ஐய' என்றும், கொஞ்சம் வெள்ளைச் சட்டையும், 'தலைவர்' என்றும் மண்டபம் முழுதுக்கும் தெரிந்தது. பூட்டுக்காரர்தான் மெல்ல, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, "ஐயத் தலைவர்" என்று படித்தார். அட்டைக்காரருக்கு எந்த அட்டையைத் தூக்குவது என்று தெரியவில்லை. பயத்தில் 'கைதட்டவும்' என்பதையே தூக்கிவிட்டார். அன்றைக்கு அவ்வளவு மனசாரக் கைதட்டியது அப்போதுதான்.

முப்பதாம் தேதி காலையில் கதவு திறக்கும்போதே லைசென்ஸ் ஆபீசில் நின்றேன். அதே கவுண்டர்காரர். சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதை வாங்க முடியாதும்மா."

"ஏன் சார்?"

"நீங்களே படிங்க."

'இச்சான்றிதழ் பெற்றவர் இன்று முதல் தன் தொழிலைத் தொடங்கலாம்.'

"லாம் இருக்கிற எந்த ஆவணத்தையும் வாங்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை. வாரியமே அனுப்பினது. தொடங்குவார்னு மாத்தி வாங்கிட்டு வாங்க."

"மாத்த எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம் ஆகலாம்."

கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அதுவரைக்கும் நான் கடை நடத்தக் கூடாதா?"

அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் புரட்டினார். "சான்றிதழ் இருந்து லைசென்ஸ் வராதவங்களைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லை. நடத்தக் கூடாதுன்னும் இல்லை, நடத்தலாம்னும் இல்லை. எனக்குத் தெரியலைம்மா."

இருபத்தேழு நாளில் ஒரு அதிகாரி வாயிலிருந்து 'தெரியலை' என்ற வார்த்தையை நான் கேட்டது அப்போதுதான். அவருக்கு உண்மையாகவே நன்றி சொன்னேன். இதுவும் சீட்டு இல்லாத துணிதானே. அதைத்தான் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேராக நர்ஸக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சாவியை என் கையில் வைத்தார்.

"ஷட்டரை முழுசாத் தூக்காத. கால்வாசி தூக்கி வெச்சுட்டு நூறு வரைக்கும் எண்ணு. யாரும் வரலைன்னா இன்னும் கொஞ்சம் தூக்கு" என்றார்.

அன்று மத்தியானமே வீட்டுக்காரரும் அவர் கூட வேலை செய்கிறவர்களும் கறை மேசையைத் தூக்கிவந்து அறையில் போட்டார்கள். அதன்மேல் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு லாமையும் முந்நூறு 'எதற்கும்' வரிகளையும் திரும்ப எழுதினேன். டீக் கறைக் கட்டுரையின் தலையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். 'இரண்டு வாரத்துக்கு மேல் இங்கே தவறாக எழுதியிருந்தது. தெரிந்தே எழுதினேன். அதனால் ஒருவருடைய கோட்டு பாழாகிவிட்டது. தவறு என்னுடையது.' அதில் லாம் எதுவும் வைக்கவில்லை. படிக்கிறவர்கள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். மீதிப் பேர் துணி அனுப்புகிறார்கள்.

ஷட்டர் இப்போது முக்கால்வாசிக்கு வந்துவிட்டது. யாரும் வந்து கேட்கவில்லை. கேட்கலாம்.

முதலில் மேசைக்கு வந்தது தபால்காரரின் கோட்டுதான். உதிர்ந்த இடத்துக்கு உள்மடிப்பிலிருந்து நூல் எடுத்து இழை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மஞ்சளுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். 'பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், ஓரத்தில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்' என்று அந்தம்மாவுக்கு எழுதினேன். 'பாருங்கள். அவசரமில்லை' என்று பதில் வந்தது.

நேற்றுக் கோட்டின் உள்பக்க ஓரத்தில் சாயம் ஒரு சொட்டு விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். தலைவரின் உதவியாளர். உறையிலிருந்து நீலப் பட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். வெட்டவெளிச்சத்தில் ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"இது சரியாகுமான்னு தலைவர் கேட்டுட்டு வரச் சொன்னார்மா."

இதற்கு ஓரத்தில் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஆகாது" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஆகலாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? ஆகாதுன்னு நான் அவர்கிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?"

பட்டையை மடித்து, உறையில் போட்டு, அவர் கையில் கொடுத்தேன்.

"தைரியமா" என்றேன்.